சினம் தணிய ஓர் இடம்

திருத்தணிகை என்ற பெயருக்கு அவ்வூர் மக்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது. சூரபத்மனோடு செய்த போரும், வள்ளியின் பொருட்டு வேடரோடு நேர்ந்த பூசலும் முடிந்தபின் முருகனின் சினம் தணிந்த மலை அது. அதற்கு முன்பும் அவன் ஒருமுறை சினந்திருக்கிறான். ஒரு கனிக்காகப் பெற்றோரிடம் கோபித்துக்கொண்டு, வீட்டைவிட்டு வெளியேறி, பழனி மலையில் தனியே நின்ற பிள்ளையைத்தான் தமிழர்கள் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். ஆண்டின் கடைசி நாளில் படித்திருவிழாவின்போது, தணிகை மலையின் 365 படிகளுக்கும் பூசை செய்து, திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள்.

கதையில் வீட்டைவிட்டுப் போன பிள்ளையை நாம் மலையேறிச் சென்று வணங்குகிறோம். நம் தெருவில் வீட்டைவிட்டுப் போன பிள்ளையை என்ன செய்கிறோம் என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி.

திருத்தணியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய ஊர் அம்மையார்குப்பம். திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தில் அமைந்த நெசவாளர் ஊர். இத்தகைய ஊர்களில் தறி தனியாகவும் வீடு தனியாகவும் இருப்பதில்லை. தறி ஓடும் கூடமே பல குடும்பங்களுக்கு இரவில் படுக்கும் இடம். கூலிக்கு நெய்யும் குடும்பத்தில் நூல் விலை ஏறினாலும், பாவு வருவது நின்றாலும், அதன் சுமை முதலில் இறங்குவது வீட்டுக்குள் நிலவும் பேச்சின் மீதுதான். அந்தக் கூடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை ஒருவனுக்குத் தனித்து அமர்ந்து அழவும் ஒரு மூலை கிடையாது.

அப்படி ஒருவனை எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் இரண்டு பாடங்களில் தோல்வி. தந்தை கைநீட்டியிருக்கிறார், தாய் குறுக்கே வந்ததற்காக அவருக்கும் அடி விழுந்திருக்கிறது. மறுநாள் காலை பையில் இரண்டு சட்டைகளை வைத்துக்கொண்டு அவன் திருத்தணி ரயில் நிலையத்துக்கு வருகிறான். அது சென்னை - மும்பை வழித்தடத்தில் உள்ள நிலையம். ஒரு பக்கம் அரக்கோணம் வழியாகச் சென்னை, மறுபக்கம் ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி. இரண்டில் எதையும் மூன்று மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். அன்று மாலைக்குள் அவன், அரசின் சொற்களில், 'வீடற்றவன்' ஆகிவிடுகிறான். அவனது வீடோ, தறியோ, குடும்ப அட்டையில் அவன் பெயரோ எங்கும் போய்விடவில்லை. அவை யாவும் அதே இடத்தில் இருக்கின்றன.

இளையோரின் வீடின்மையைப் புரிந்துகொள்ள இந்த முரண்தான் நுழைவாயில். முதியவர் ஒருவர் நடைபாதையில் படுத்திருந்தால், அவருக்கு வீடு இல்லை என்று கருதுகிறோம். பெரும்பாலும் அது சரி. பதின்பருவத்தினர் பலருக்கு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் அவர்களால் இருக்க முடியவில்லை. அவர்கள் இழப்பது முதலில் உறவை. கூரையை இழப்பது அதன் பிறகுதான். எனவே கூரையை மட்டும் கொடுத்து இச்சிக்கலைத் தீர்க்க இயலாது. கூரையைக் கொடுக்காமலும் தீர்க்க இயலாது.

நம் அரசுக் கணக்கு இதைப் பார்ப்பதற்கு ஏற்றதாக அமையவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.73 லட்சம் பேர். அவர்களில் 9.38 லட்சம் பேர் நகரங்களிலும், 8.34 லட்சம் பேர் கிராமங்களிலும் இருந்தனர். சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்களின் உட்புறம், மேம்பாலங்களின் அடி, வழிபாட்டிடங்களின் திறந்த மண்டபங்கள், ரயில் நடைமேடை ஆகிய இடங்களில் படுப்பவர்களே வீடற்றோர் என்பது அக்கணக்கெடுப்பின் வரையறை. அவர்களை எண்ணியது 2011 பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு, ஒரே இரவு.

வீட்டைவிட்டு வந்த பதினேழு வயதுப் பிள்ளையை அன்றிரவு யாரும் நடைபாதையில் பார்த்திருக்க மாட்டார்கள். நடைபாதையில் படுத்தால் காவலர் எழுப்புவார், மற்றவர் அடிப்பார், திருடுவார், அதைவிட மோசமானதையும் செய்வார் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே உணவகத்தின் சமையற்கட்டிலும், தேநீர்க் கடையின் மேசை மீதும், கட்டுமானம் நடக்கும் கட்டடத்தின் இரண்டாம் தளத்திலும், நண்பனின் அறையிலும் அவர்கள் உறங்குகிறார்கள். பெண்களாயின் யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்கு அமர்ந்து, அடுக்களைத் தரையில் உறங்குகிறார்கள். அந்தக் கட்டடங்களில் எண்ண வருபவருக்கு அவர்கள் 'வீடற்றோர்' அல்லர். கடை ஊழியர்கள் அல்லது விருந்தினர்கள். எண்ணப்படாதவருக்குத் திட்டம் இல்லை; நிதி ஒதுக்கீடும் இல்லை.

அவர்கள் புலப்படும் இடம் ஒன்று உண்டு; அது ரயில் நிலையம். 2018 தொடங்கி 2024 மே வரையிலான காலத்தில் நாடு முழுவதும் ரயில் நிலையங்களிலும் ரயில்களிலும் 84,119 சிறார்களை மீட்டதாக ரயில்வே பாதுகாப்புப் படை தெரிவித்திருக்கிறது. 2018-இல் மட்டும் மீட்கப்பட்டவர்கள் 17,112 பேர். அவர்களில் 13,187 பேர், அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர், வீட்டைவிட்டு ஓடி வந்தவர்கள். காணாமற்போனவர்களும் கடத்தப்பட்டவர்களும் எஞ்சியவர்களுள் அடங்குவர்.

இந்த எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றி நாம் ஊர்தோறும் அச்சப்பட்டிருக்கிறோம். அந்த அச்சத்தால் அயலூரார்களை அடித்த கொடுமையும் நடந்திருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளைப் பெருமளவில் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது அயலார் எவருமல்லர் என்பதே இந்த எண் உரைக்கும் உண்மை. அவர்களாகவே புறப்படுகிறார்கள். ஏதோ ஒன்று அவர்களைப் புறப்படச் செய்கிறது.

அது என்ன? வறுமை என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடுவது நம் வழக்கம். வறுமை ஒரு காரணம்தான். ஆனால் வறிய குடும்பங்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே இருக்கிறார்கள். வறுமையோடு வேறொன்று சேரும்போதுதான் கதவு திறக்கிறது. தந்தையின் குடியும் அடியும், தாயோ தந்தையோ இறந்தபின் அமையும் புதிய குடும்பத்தில் இடமின்மை, தேர்வுத் தோல்வி, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புதல், பெண் பிள்ளையாயின் பதினெட்டுக்கு முன் பேசி முடிக்கப்படும் திருமணம், வீட்டுக்குள்ளேயே நிகழும் பாலியல் துன்புறுத்தல், சாதி கடந்த காதல், தன் பாலின அடையாளம் குடும்பத்துக்குத் தெரியவருதல் ஆகியவை அத்தகைய காரணங்கள். இவற்றுள் பல, வசதியான வீடுகளிலும் உள்ளவை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டைவிட்டுப் போவது ஒரே நாளில் எடுக்கப்படும் முடிவாகப் பெற்றோருக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது படிப்படியாக நிகழ்வது. முதலில் ஒரு மாலை முழுதும் பிள்ளை வீடு திரும்புவதில்லை. பிறகு ஓர் இரவு நண்பன் வீட்டில் தங்குகிறான். பிறகு பாட்டி வீட்டில் ஒரு வாரம். பள்ளியில் வருகை குறைகிறது. கடைசியாகத்தான் ரயில். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் அதைப் பார்த்திருப்பார். ஆசிரியர், பக்கத்துத் தறிக்காரர், அத்தை, மளிகைக் கடைக்காரர். அவர்களில் ஒருவரும் கேட்காமல் விட்டதன் முடிவே அந்தப் பயணச்சீட்டு.

சென்ற இடத்தில் நடப்பதும் ஓர் ஒழுங்கில்தான் நடக்கிறது. கையிலிருக்கும் பணம் இரண்டு மூன்று நாள்களில் தீர்கிறது. அதன்பின் வேலை, உணவு, படுக்கை ஆகிய மூன்றையும் ஒருவரே தருவதாகச் சொல்லும் இடத்தில் பிள்ளை சேர்கிறான். தருபவர் நல்லவராக இருக்கலாம். அப்படிப்பட்ட முதலாளிகள் உண்டு. ஆனால் சம்பளம் தருபவரே தங்குமிடமும் தருபவராக இருக்கும்போது, சம்பளத்தைக் கேட்பவன் தங்குமிடத்தைப் பணயம் வைக்கிறான். வேலை போனால் அன்றிரவே படுக்கையும் போகிறது. அடையாள அட்டை ஊரில் கிடக்கிறது. மாற்றுச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து வாங்க யாரும் இல்லை. முகவரி இல்லாததால் வங்கிக் கணக்கு கடினம். கணக்கு இல்லாததால் கூலி முதலாளியின் கையிலேயே தங்குகிறது. ஆறு மாதம் இப்படிக் கழிந்தால், திரும்பிப் போவது பிள்ளைக்கு வெட்கமாகிவிடுகிறது. வெறுங்கையோடு எப்படிப் போவது என்ற எண்ணமே அவனை அடுத்த ஊருக்கு அனுப்புகிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவரைக் காக்க நம்மிடம் வலுவான சட்டம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வீடோ நிலையான தங்குமிடமோ இன்றிக் காணப்படும் எந்தச் சிறாரையும் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று வரையறுக்கிறது. அத்தகைய சிறாரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பிரிந்துவந்த சிறாரைக் கண்டும் தகவல் தராமல் இருப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. சிறாரை வேலைக்கு வைத்துக்கொண்டு கொத்தடிமைபோல் நடத்துவதற்கும், அவர் ஈட்டியதைத் தராமல் வைத்துக்கொள்வதற்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் உண்டு. தகவல் சொல்ல 1098 என்ற எண் இருக்கிறது. 1996-இல் மும்பையில் தொடங்கிய அச்சேவை இப்போது அரசின் நேரடிப் பொறுப்பில் இயங்குகிறது.

ஆக, சட்டத்தில் குறை அதிகமில்லை. சட்டம் நடைமுறைக்கு வரும் இடத்தில்தான் ஒரு பழைய எண்ணம் குறுக்கிடுகிறது. பிள்ளை கிடைத்துவிட்டான், பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டோம், வேலை முடிந்தது என்பதே அந்த எண்ணம். பெற்றோர் அழுதபடி வந்து அழைத்துச் செல்லும் காட்சி நெகிழ்ச்சியானதுதான். ஆனால் அவன் எதிலிருந்து ஓடி வந்தானோ அது அந்த வீட்டில் அப்படியே இருக்குமானால், இந்த முறை அடி இரட்டிப்பாகும். அடுத்த முறை அவன் இன்னும் தொலைவான ரயிலில் ஏறுவான். திருப்பி அனுப்புவதற்கு முன் வீட்டு நிலையை விசாரிக்க வேண்டும் என்பதும், பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் சட்டத்தின் விதிகள். விசாரணையை நான்கு மாதங்களுக்குள் முடிக்கச் சட்டம் கால அவகாசம் தந்திருப்பது, அதை அவசரமாக ஒரு கையெழுத்தில் முடித்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

எல்லையோர ஊர்களில் இச்சிக்கலுக்கு இன்னொரு மடிப்பும் உண்டு. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1-இல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கோடு மாறியதே தவிர, உறவு முறைகளும் சந்தைகளும் மொழிகளும் இருபுறமும் கலந்தே இருக்கின்றன. அம்மையார்குப்பத்துப் பிள்ளைக்குத் திருப்பதி வேற்றூரன்று. ஆனால் அவன் அங்கே கண்டெடுக்கப்பட்டால், அவனை அவன் மாவட்டத்துக்கு மாற்றும் உத்தரவு, இரு மாநில அலுவலகங்களுக்கிடையிலான கடிதப் போக்குவரத்து, உடன் வர ஒரு காவலர் என்று நாள்கள் நீள்கின்றன. திருப்பதி, திருவள்ளூர் மாவட்டங்களின் நலக் குழுக்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள நிலையான ஏற்பாடு இருந்தால், வாரக்கணக்கில் ஆகும் காரியம் நாள்கணக்கில் முடியும்.

பதினெட்டாம் பிறந்தநாள் வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. நேற்றுவரை அவனைக் கண்டவர் தகவல் தராவிட்டால் குற்றம். இன்று அவன் நடைமேடையில் படுத்திருந்தால் எழுப்பி விரட்டுவதற்குரிய ஆள். நேற்றுவரை அவன் 'குழந்தை'; இன்று 'சந்தேகத்துக்குரிய இளைஞன்'. ஓர் இரவில் அவனிடம் மாறியது எதுவுமில்லை.

இந்த இடைவெளியைச் சட்டம் ஓரளவு உணர்ந்திருக்கிறது. குழந்தைகள் இல்லத்திலிருந்து பதினெட்டு வயதில் வெளியேறுபவருக்கு 21 வயது வரையும், தேவைப்பட்டால் 23 வயது வரையும் பிற்காப்பு அளிக்கலாம். மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் இதற்கென மாதம் 4 ஆயிரம் ரூபாய் வழங்க வழியுண்டு. ஆனால் இல்லத்தில் இருந்து வெளியேறியவருக்கே இந்த உரிமை. பதினேழு வயதில் உணவகத்துச் சமையற்கட்டில் படுத்திருந்து, யாராலும் மீட்கப்படாமல் பதினெட்டைக் கடந்தவருக்கு இது பொருந்தாது. முன்பு அரசின் கண்ணில் படவில்லை என்பதே, இப்போது உதவி மறுக்கப்படக் காரணமாகிறது.

அவருக்கு எஞ்சியிருப்பது பெரியவர்களுக்கான இரவுக் காப்பகம். உச்ச நீதிமன்றம் 2010-இல் பிறப்பித்த உத்தரவுகளின் பயனாகவும், 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழியாகவும் நம் பெருநகரங்களில் காப்பகங்கள் தோன்றின. ஒரு லட்சம் நகர மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்பது அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் திருத்தணி நகராட்சியின் மக்கள்தொகை 50 ஆயிரத்தை எட்டவில்லை. அம்மையார்குப்பமோ ஊராட்சி; நகர்ப்புறத் திட்டத்தின் எல்லைக்குள்ளேயே வராது. நாட்டின் வீடற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிராமங்களில் இருந்தனர் என்பதை முன்பே கண்டோம். அவர்களுக்கான காப்பகத் திட்டம் எது?

இதன் விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியதே. உதவி சென்னையில்தான் இருக்கிறது என்றால், பிள்ளை சென்னைக்குத்தான் போவான். ஊரிலிருந்து எவ்வளவு தொலைவு போகிறானோ அவ்வளவு கடினம், திரும்பி வருவது. தன்னை அறிந்த ஆசிரியரும் அத்தையும் நண்பனும் உள்ள வட்டத்துக்குள் தங்க இடம் கிடைத்திருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கக்கூடிய பூசல், ஆறாண்டுப் பிரிவாக முடிகிறது. மேலும், குடிநோயாளிகளும் நோயுற்ற முதியோரும் நிறைந்த காப்பகத்தில் பத்தொன்பது வயது இளைஞனோ இளம்பெண்ணோ பாதுகாப்பாக உணர்வது அரிது. அங்கே ஓர் இரவு தங்கியவர் மறுநாள் மீண்டும் கடைத் திண்ணையைத் தேடிப் போனால், அவரைக் குறைகூற முடியாது.

வயதுவந்தோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலை எத்தகையது என்பதை நீதிமன்றங்கள் கண்டிருக்கின்றன. சாதி மறுத்து மணம் புரியும் இணையருக்காக மாவட்டத் தலைநகரங்களில் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது குறித்து மாநில அரசுகள் ஆராய வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதுரையிலிருந்து பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்த இரு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு நாடெங்கும் பேசப்பட்டது. அந்த விஷயத்தில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசகரிடம் கேட்டறிந்த பின்பே அவர் தீர்ப்பெழுதினார். குறுகிய காலத் தங்கும் இல்லங்கள் அத்தகையோரையும் ஏற்கும் வகையில் அமைய வேண்டும் என்பது அவரது உத்தரவுகளில் ஒன்று. 2008-இலேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்து வழிகாட்டிய மாநிலம் தமிழ்நாடு. ஆயினும், பதினைந்து வயதில் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் திருநங்கைக்கு முதலில் அடைக்கலம் தருவது இன்றும் மூத்த திருநங்கையரின் வீடுகளே.

பிற நாடுகள் இதை எப்படி எதிர்கொண்டன என்பதும் அறியத்தக்கது. இங்கிலாந்தில் 2009-ஆம் ஆண்டு சதக் என்னும் லண்டன் பகுதியின் உள்ளாட்சி தொடர்பான வழக்கில், பிரபுக்கள் அவை ஒரு தெளிவான தீர்ப்பை வழங்கியது. பதினாறு, பதினேழு வயதினர் வீடின்றி வந்து நின்றால், அவரை வெறும் வாடகை வீடு தேடுபவராகக் கருதி வீட்டுவசதித் துறைக்குத் தள்ளிவிடக் கூடாது. அவர் குழந்தை என்பதால் குழந்தைகள் நலத் துறைதான் பொறுப்பேற்க வேண்டும் என்றது. பின்லாந்து, 2008-இலிருந்து 'முதலில் வீடு' என்ற கொள்கையைக் கைக்கொண்டது. திருந்தி வா, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்று சொல்வதை விட்டு, முதலில் வாடகை உரிமையோடு வீடு தந்து, பின் மற்றவற்றுக்கு உதவியது. 1980-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 18 ஆயிரமாக இருந்த வீடற்றோர் எண்ணிக்கை, 2022-இல் 4 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. சிறிய, செல்வம் மிக்க நாட்டை நம்மோடு ஒப்பிட இயலாதுதான். ஆனால் படுக்க நிலையான இடம் இல்லாதவனிடம் மற்ற ஒழுங்குகளை எதிர்பார்ப்பது வீண் என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. குழு, தெருச்சூழலில் வாழும் சிறார் குறித்து 2017-இல் வெளியிட்ட பொதுக் கருத்துரைக்காக 32 நாடுகளைச் சேர்ந்த 327 சிறார்களையும் இளையோரையும் கலந்தாலோசித்தது. அவர்களை மீட்கப்பட வேண்டிய பொருள்களாக எண்ணாமல், தம் வாழ்வைப் பற்றிச் சொல்ல உரிமையுள்ளவர்களாகக் கருத வேண்டும் என்பதே அந்த ஆவணத்தின் சாரம். நம் விசாரணைகளில் விடுபட்டுப்போவதும் இதுதான். 'ஏன் போனாய்?' என்று அதட்டுகிறோம். 'என்ன மாறினால் இருப்பாய்?' என்று கேட்பதில்லை.

செய்யக்கூடியவை எட்டாத தொலைவில் இல்லை. ஊராட்சித் தலைவரின் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள ஏற்பாடு. பலகையில் பெயரளவில் இருக்கும் அக்குழு மாதந்தோறும் கூடி, பள்ளிக்குத் தொடர்ந்து வராத பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்தாலே பாதி வேலை முடியும். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் நடந்து செல்ல வேண்டும். தேர்வு முடிவு வரும் மே மாதத்தில், மதிப்பெண் குறைந்தவர்களின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் முன்கூட்டியே செல்ல வேண்டும். மாணவர்களுக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்கள் உள்ளன. அவை பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, என்ன செய்வதென்று அறியாத பெற்றோருக்கும் உரியவை என்பதை ஊர்தோறும் சொல்ல வேண்டும்.

அடுத்தது, அண்மையில் ஓர் இடம். வட்டம் தோறும் ஐந்தாறு படுக்கைகளும் ஓர் ஆற்றுப்படுத்துநரும் கொண்ட குறுகிய காலத் தங்குமிடம் ஒன்று இருக்கட்டும். வீட்டில் பூசல் முற்றும்போது, பெற்றோருக்குத் தகவல் சொல்லிவிட்டு, பிள்ளை சில நாள்கள் அங்கே தங்கட்டும். பெரிய கட்டடம் தேவையில்லை. மாணவர் விடுதிகளில் ஒரு பகுதி போதும். பதினெட்டைக் கடந்தவர்களுக்கு, வேலைக்குச் செல்லும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் நல்ல முன்மாதிரி. குறைந்த வருவாயுள்ள இளையோரும், குடும்பத்தின் துணை இல்லாத இளையோரும் முன்பணமின்றிச் சேரக்கூடிய விடுதிகளைத் தொழில் நகரங்களில் அமைக்கலாம். பிற்காப்பு உரிமையை, முன்பு இல்லத்தில் இருந்தாரா என்று பாராமல், 18 முதல் 23 வயது வரை வீடின்றி நிற்கும் எவருக்கும் விரிவாக்க வேண்டும்.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நடைமேடையிலும் நடைபாதையிலும் படுத்திருப்பவர்களை மட்டும் எண்ணாமல், கடைகளிலும் பட்டறைகளிலும் உறங்கும் இளையோரையும் 'உனக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருக்கிறதா?' என்று கேட்டறிய இது தக்க தருணம். கணக்கெடுப்பில் முடியாவிட்டால், மாநில அரசு மாதிரி ஆய்வு ஒன்றையேனும் நடத்தலாம்.

இவற்றுக்கெல்லாம் எழும் மறுப்பு ஒன்றுண்டு. அது பெற்றோரின் நெஞ்சிலிருந்து எழுவது. 'தங்க இடம் கொடுத்தால், சின்னக் கோபத்துக்கெல்லாம் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போய்விடுவார்களே' என்பது அது. இந்த அச்சத்தை எள்ளி ஒதுக்கக் கூடாது. ஆனால் ரயில் நிலையத்து எண்களைப் பாருங்கள். இடம் எதுவும் இல்லாதபோதும் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் போவதா வேண்டாமா என்பது நம் கையில் முழுமையாக இல்லை. எங்கே போகிறார்கள் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. அறிந்தவர் கண்காணிப்பில் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பிள்ளையும், அறியாதவர் கடையில் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பிள்ளையும் ஒன்றல்ல. இடம் இருந்தால் அவன் போவது எளிதாகும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். திரும்பி வருவதும் எளிதாகும்.

பெற்றோரும் பெரும்பாலும் கொடியவர்கள் அல்லர். பன்னிரண்டு மணி நேரம் தறியோடு நின்றுவிட்டு, கடன்காரருக்குப் பதில் சொல்லிவிட்டு, பிள்ளையாவது இதிலிருந்து தப்பட்டும் என்று நினைத்தவரின் ஏமாற்றமே பல வீடுகளில் அடியாக வெளிப்படுகிறது. அதனால் அடி நியாயமாகிவிடாது. ஆனால் அந்தத் தந்தைக்கும் தாய்க்கும் பேச ஒருவர் தேவை என்பதை மறந்து, பிள்ளைக்கு மட்டும் அறிவுரை கூறி அனுப்பும் எந்த ஏற்பாடும் நிலைக்காது.

மலைமேல் இருப்பவனின் கதைக்குத் திரும்புவோம். பழனியில் சினந்து நின்றவனிடம் பெற்றோரே தேடிச் சென்றார்கள் என்கிறது கதை; அவனை அதட்டி இழுத்துவந்ததாகச் சொல்லவில்லை. அவன் சினம் தணிவதற்கென்று ஒரு மலையையே ஒதுக்கி, அதற்கு அந்தப் பெயரையே வைத்தது நம் மரபு. தறிச் சத்தத்துக்கு நடுவே அழ ஒரு மூலையின்றிப் பையை எடுக்கும் பிள்ளைக்கு மலை வேண்டாம். அவன் சினம் தணியும் வரை அமர, ஊருக்கு அருகிலேயே ஓர் இடமும், அதட்டாமல் கேட்க ஒரு மனிதரும் இருந்தால் போதும். அந்த இடத்தை உண்டாக்குவது அரசின் கடமை. அந்த மனிதராக இருப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.